மினுக்கம் எங்கே இருக்கிறது?

உலோகம் போல மின்னும் கண்ணாடிப் பூச்சாடியைக் கையில் எடுத்ததும் பலரும் கேட்பது, "இது டிஃபனியா, லோட்ஸா?" என்பதுதான். நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். மினுக்கம் எங்கே இருக்கிறது என்பதுதான் முதலில் தெரியவேண்டும். கண்ணாடியின் மேல்தோலிலா, உடம்புக்குள்ளா, இரண்டு சுவர்களுக்கு நடுவிலா? இது பிடிபட்டால், செய்தவரைத் தேடவேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

சுவர்களுக்கு நடுவில் என்றால் வேலை சுலபம். மெர்க்குரி கிளாஸ் என்று விற்கப்படும் பழைய ஜாடிகளில் பாதரசம் கிடையாது. இரட்டைச் சுவராக ஊதி, அடியிலுள்ள ஓட்டை வழியே வெள்ளிக் கரைசலை ஊற்றி, உள்ளே படலம் படிந்ததும் ஓட்டையை அடைத்துவிடுவார்கள். லண்டனில் எட்வர்ட் வார்னிஷும் ஃபிரெடெரிக் ஹேல் தாம்சனும் 1849இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஜாடியைக் கவிழ்த்தால் அந்த அடைப்பு தெரியும். அது கெட்டுக் காற்று புகுந்த ஜாடியில் வெள்ளி திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கும். இன்றைய மலிவுப் பிரதிகள் பலவும் ஒற்றைச் சுவர்தான். வெள்ளிப் பூச்சு உட்புறத்தில் விரலுக்கே தட்டுப்படும்.

உடம்புக்குள் பொன்துகள் போல மினுங்கினால் பெரும்பாலும் அவென்சுரின். அது கண்ணாடிக்குள்ளேயே விளைந்த செம்புப் படிகம். முரானோவின் பழைய கைவேலை.

என் மனம் தங்கிப்போனது மேல்தோலில்தான். உலைச்சூடு ஆறாத கண்ணாடியில் வெள்ளீயக் குளோரைடு கரைசலைத் தெளித்தால் மிக மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. மழைநீரில் மிதக்கும் பெட்ரோல் படலத்தில் நிறங்கள் பிரிவது போலவே இங்கும் பிரிகின்றன. பொன் நிறம் வேண்டுமென்றால் கண்ணாடிக் கலவையிலேயே வெள்ளி உப்பைச் சேர்த்து, ஆக்சிஜன் குறைந்த சுடரில் காட்டுவார்கள்; வெள்ளி மேற்பரப்புக்கு வந்து நிற்கும். அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டிஃபனி தன் கண்ணாடிக்கு 1894இல் ஃபாவ்ரில் என்ற பெயரைப் பதிவு செய்தார். கார்னிங் நகரத்து ஸ்டூபென் ஆலையில் ஃபிரெடெரிக் கார்டர் 1904இல் ஆரீன் என்ற மினுக்கக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்றால், 1913இல் டிஃபனி தரப்பு ஸ்டூபென் மீது வழக்கே தொடுத்தது. செய்தவர்களே சண்டை போட்ட இடத்தில், நிறத்தை மட்டும் பார்த்து ஒருவர் சட்டென்று பெயர் சொன்னால் நான் நம்புவதில்லை.

ஜாடியின் கழுத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். மேலே பொன்னாக மின்னும் ஆரீன், ஒளி ஊடுருவும்போது தேன் நிறம் காட்டும். அந்த மாற்றத்தைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம். வெற்றிடத்தில் அலுமினியம் படியவைத்த இக்கால அலங்கார ஜாடி சாம்பல் பூத்துத் தெரியும், அல்லது ஒளியையே விடாது. கீறிய இடத்தில் வெறும் கண்ணாடி பல்லிளிக்கும்.

பொஹீமியாவின் கிளோஸ்டர்முஹ்லேயில் இருந்த லோட்ஸ் ஆலை 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் கிராண்ட் பிரி வாங்கியது. அவர்களுடைய பாப்பியோன் வகையை லென்ஸ் வைத்துப் பார்க்கவேண்டும். ஊதும் உருண்டையை வெள்ளி கலந்த கண்ணாடி நொறுக்கில் உருட்டியெடுத்து விரித்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு பொட்டும் தனித்தனி; வயிறு உப்பிய இடத்தில் பொட்டுகள் பரந்தும், கழுத்து நீண்ட இடத்தில் இழுபட்டும் இருக்கும். ஜாடி எப்படி ஊதப்பட்டது என்பதே அந்தப் பொட்டுகளில் பதிந்திருக்கிறது. பிற்பாடு மேலே பூசிய பொட்டுகளுக்கு இந்த இழுப்பு வராது.

பொஹீமியாவில் மின்னுவதெல்லாம் லோட்ஸ் ஆகிவிடாது. கிராலிக், ரிண்ட்ஸ்கோப், பல்மே-கோனிக் ஆலைகளும் அதே காலத்தில் அருமையாகச் செய்தன. ஜெர்மனியில் டபிள்யூ.எம்.எஃப். நிறுவனம் 1920களில் கொண்டுவந்த மைரா வகையின் மென்பொன் ஜாடிகள் பெரும்பாலும் கையெழுத்தில்லாமலே கிடைப்பதால் அடிக்கடி டிஃபனி பெயரில் விலைபோகின்றன. மைராவை மைராவாகவே பார்த்தால் எவ்வளவு அழகு! வேறு பெயர் ஒட்டுவது அதைச் செய்த கைக்கு இழைக்கும் அநியாயம்.

கையெழுத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். லோட்ஸ் ஜாடிகளில் பலவற்றுக்குக் கையெழுத்தே கிடையாது. இருந்தால், அதன் கோடுகள் மீது அடிப்பக்கத் தேய்மானம் எப்படிப் போகிறது என்று லென்ஸில் கவனிக்கவேண்டும். பழைய கையெழுத்தின் விளிம்புகளைத் தேய்மானக் கீறல்கள் கடந்து சென்று மழுக்கியிருக்கும். நேற்று பொறித்தது பழைய கீறல்களை வெட்டிக்கொண்டு கூர்மையாக நிற்கும். தேய்மானத்திலும் பொய் உண்டு. மேசையைத் தொடும் வளையத்தில் மட்டும் கீறல்கள் நீளமும் குட்டையுமாக, பல திசைகளில் ஓடினால் அது வருஷக்கணக்கான புழக்கம். தரையே தொடாத நடுக்குழியிலும் ஒரே திசையில் வரிவரியாக இருந்தால் உப்புத்தாள் வேலை.

இத்தனையும் பார்த்தபிறகும் பெயர் உறுதிப்படாவிட்டால், "பொஹீமியா, ஏறத்தாழ 1900" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடுவேன். உரிமையாளருக்கு அதில் ஏமாற்றம் இருக்கலாம். பொருளுக்கு அதில் குறை ஒன்றுமில்லை. போனில் படம் அனுப்பி விசாரிப்பவர்களிடம் ஜாடியின் முழு உருவப் படத்தை நான் முதலில் கேட்பதில்லை. அடிப்பக்கம் ஒன்று, ஜன்னலுக்கு எதிரே பிடித்த கழுத்து ஒன்று, உட்சுவர் ஒன்று. அனுப்புவதற்கு முன் தேய்த்துக் கழுவிவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.