நாம் வாழும் நாட்டின் பெயர்

தோட்டத்து ஆபீசில் நாளொன்றுக்கு இருபது முறையேனும் 'மலேசியா' என்று எழுதுகிறேன். சம்பளப் பட்டியலிலும், இந்தோனேசியத் தொழிலாளரின் பர்மிட் பாரங்களிலும், செம்பனை ஏற்றிச் செல்லும் லாரிக்குரிய சீட்டிலும் அப்பெயரே. இவ்வளவு முறை எழுதப்படும் சொல் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் யாது என்று வினவினால் கிராணிமாருள் எத்தனை பேர் விடை கூறுவர்? ஆங்கிலப் பள்ளியில் பயின்ற எனக்கு இங்கிலாந்து அரசர்களின் வரிசை தெரியும், இது தெரியாதிருந்தது. பிறகே தேடிப் படிக்கலானேன்.

நம்மவரிடையே ஒரு கொள்கை பெரிதும் வழங்கி வருகின்றது. 'மலாயா' என்பது நம் 'மலை' என்னும் சொல்லே என்பது அது. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். சான்றாக, 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடல் கடந்து வென்ற இடங்களைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டைக் காட்டுவர். அதில் கடாரம், இலங்காசோகம் ஆகியவற்றோடு மலையூர் என்னும் பெயரும் உண்டு. ஆயினும் சோழர் கப்பல்கள் வருவதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 671இல் சீனாவினின்று புறப்பட்ட இட்சிங் என்னும் பௌத்தத் துறவி 'மோ-லோ-யூ' என்ற நாட்டில் தங்கியதாக எழுதியிருக்கிறார். அது சுமத்திராவிலுள்ள ஜாம்பிப் பகுதி என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. ஆகவே, முன்பே வழங்கிய அயற்பெயரொன்றைத் தமிழ்ச் செவி தனக்கேற்ப 'மலையூர்' என்று திருத்திக் கொண்டிருக்கலாம் அன்றோ? மலாய் மொழியில் 'லும்பூர்' என்றால் சேறு. நாமோ அதைக் 'கோலாலம்பூர்' என்றெழுதி, நாகபுரிக்கும் ஜெய்ப்பூருக்கும் உடன்பிறந்ததுபோல் ஆக்கிவிட்டோம். ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஒருவர் வந்து, இவ்வூரை நிறுவியவர் நம்மவரே, 'பூர்' என முடிவதைக் காணீர் என்று வாதித்தால் நகைக்க மாட்டோமா? மலைக்கொள்கை முற்றும் பொய்யென்று நான் சாதிக்கவில்லை. அதைக்கொண்டு உரிமை பேசுவது வீண் என்பதே என் அபிப்பிராயம்.

உரிமையைத் தீர்மானித்தது கல்வெட்டன்று, சட்டம். 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒரு கூட்டாக்கப்பட்டன. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை தனியே ஆளப்பட்டன. ஏனைய ஐந்து மாநிலங்களும் தத்தம் வழியே இருந்தன. 'மலாயா' என்று ஊரெல்லாம் வழங்கியும், அது 1946 ஏப்ரல் முதல் நாளில் 'மலாயன் யூனியன்' அமையும்வரை ஓர் அரசின் பெயராக இருந்ததில்லை. அதுவும் இரண்டாண்டு நிலைக்கவில்லை. 1948 பிப்ரவரி முதல் நாள் பிறந்த கூட்டரசுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், மலாயில் ஒரு பெயர். ஆங்கிலப் பெயர் 'மலாயாக் கூட்டரசு' என்று பொருள்படும். மலாய்ப் பெயராகிய 'பெர்செகுத்துவான் தானா மெலாயு' என்பதோ மலாய் மண்ணின் கூட்டரசு எனப் பொருள்படும். முன்னது ஓர் இடத்தைக் குறிக்கின்றது. பின்னது ஓர் இனத்தாரின் மண்ணைக் குறிக்கின்றது. 1957இல் சுதந்திர நாட்டின் அரசியல் சாசனமும் தன் முதல் விதியிலேயே இவ்விரண்டையும் ஏற்றது. அப்பெயரைத் தேர்வதற்குமுன் 'லங்காசுகா' என்ற பண்டைய அரசின் பெயரும் ஆலோசிக்கப்பட்டதுண்டு. தஞ்சைக் கல்வெட்டின் இலங்காசோகம் அதுவேயாம்!

'மலேசியா' இம்மண்ணில் முளைத்த சொல்லன்று. 1831இல் டூமோன் டூர்வில் என்ற பிரெஞ்சு மாலுமி, பாரீசிலிருந்த பூகோளச் சங்கத்தில் பசிபிக் தீவுகளை வகைப்படுத்தியபோது, கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அப்பெயரிட்டார். 1963 செப்டம்பர் 16ஆம் நாள் மலாயாவும் சிங்கப்பூரும் சபாவும் சரவாக்கும் இணைந்தபோது அது ஒரு நாட்டின் பெயராயிற்று. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் பிரிந்தும் பெயர் மாறவில்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் மலேசியா என்றே வழங்கும் எனச் சாசனம் கூறுகின்றது. இரு மொழிக்கும் ஒரே சொல்; இரண்டு பொருளுக்கு அங்கே இடமில்லை. இதனைப் பெரும் நன்மையென்றே கொள்கிறேன்.

பழைய பெயர்கள் அடியோடு மறைந்துவிடவுமில்லை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் செல்ல நாம் ஏறும் ரயில் இன்றும் 'தானா மெலாயு' ரயிலே. பல்கலைக்கழகம் மலாயாப் பல்கலைக்கழகமே. 1946இல் தோன்றிய ம.இ.கா.வுக்கோ தொல்லையே இல்லை. மலாயா போய் மலேசியா வந்தும் 'ம' அப்படியே நின்றது.

ஆனால் எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். 1949இல் இதே சிலாங்கூரில், ரஜூலா கப்பலில் வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். பிறப்புப் பத்திரத்தில் 'மலாயாக் கூட்டரசு' என்றிருக்கின்றது. கையிலிருப்பது சிவப்பு அடையாள அட்டை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் குடியுரிமை தரவில்லை. 1957 ஆகஸ்ட் 31 முதல் இங்குப் பிறந்தோருக்கு அக்காலத்தில் பிறப்பால் உரிமை வந்தது. அதற்கு முன் பிறந்த அவர் போன்றோர் பதினெட்டு வயதானபின் மனுச் செய்து பதிந்து கொள்ள வேண்டும். அந்த வயதில் அவர் விடியுமுன் பால்வெட்டப் போய்க்கொண்டிருந்தார். மனுவென்று ஒன்றிருப்பதை அவருக்குச் சொன்னவர் எவருமில்லை. தம்பியோ 1958இல் பிறந்தவர். அவருக்கு நீல அட்டை.

"ஒரே வயிறு, ஒரே லயம். அவனுக்கு ஒரு நாடு, எனக்கு ஒரு நாடா, கிராணி ஐயா?" என்று ஒருநாள் கேட்டார்.

இருமுறை மனு எழுதிக் கொடுத்தேன். ஒருமுறை ஓர் அலுவலகத்தில், பிறந்த நாடென்னும் கட்டத்தில் நான் எழுதிய பெயர் இப்போது இல்லையென்று கூறித் திருப்பினர். மறுமுறை 'மலேசியா' என்றெழுத, பத்திரத்தோடு ஒவ்வவில்லையென்று திருப்பினர். மூன்றாம் மனுவில் பத்திரத்திலுள்ள பெயரையும் இன்றைய பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டும் ஒரே நாடே என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பாட்டி கைநாட்டு வைத்தார். சென்ற மாதம் அனுப்பினோம். விடை இன்னும் வரவில்லை.