நட்சத்திரத்தைத் தடுப்பவர்கள்

ரோலர் டெர்பி ஆட்டத்தில் எல்லார் கண்ணும் ஜாம்மர் மீதுதான் இருக்கும். ஹெல்மெட்டின் மேல் நட்சத்திரம் போட்ட துணி உறை மாட்டியிருப்பவர் அவர். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவதும் அவர், புள்ளி சேர்ப்பதும் அவர். நானும் ஆரம்பத்தில் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பிளாக்கர்களைப் பார்க்கிறேன். இந்த ஆட்டத்தின் மூளை அவர்களிடம்தான் இருக்கிறது.

பார்த்திராதவர்களுக்குக் கபடியை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். இங்கேயும் பந்து கிடையாது. ஒருவர் எதிரணிக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், மற்றவர்கள் விடக்கூடாது. கபடியில் ஒரு நேரத்தில் ஓர் அணிதான் பாடிப் போகும். டெர்பியில் இரண்டு அணிகளும் ஒரே விசிலில் தங்கள் ஜாம்மரை அனுப்புகின்றன. முட்டை வடிவத் தடம், அணிக்கு ஐந்து பேர், காலில் நான்கு சக்கர ஸ்கேட். ஜாம்மர் ஒருமுறை எல்லாரையும் கடந்து, சுற்றி வந்து, மறுபடி கடக்கும்போது எதிரணியில் எத்தனை பேரைக் கடக்கிறாரோ அத்தனை புள்ளி. இப்படி ஒரு சுற்று ஆட்டத்துக்கு ஜாம் என்று பெயர், அதிகபட்சம் 2 நிமிடம். 30 விநாடி இடைவெளி, அடுத்த ஜாம். இப்படியே 60 நிமிட ஆட்டம். யார் தவறின்றி முதலில் கூட்டத்தைக் கடக்கிறாரோ அவர் லீட் ஜாம்மர். இரண்டு கையாலும் இடுப்பைத் தட்டிக் காட்டினால் அந்த ஜாம் அங்கேயே முடியும். அந்த உரிமை அவருக்கு மட்டும்தான்.

மீதி நால்வரும் பிளாக்கர்கள். எதிரணி ஜாம்மரை மறிப்பதும் அவர்கள் வேலை, தங்கள் ஜாம்மருக்கு வழி திறந்து விடுவதும் அவர்கள் வேலை. இரண்டும் ஒரே சமயத்தில், அதே எட்டுக் கால்களைக் கொண்டு. தாக்குதலும் தற்காப்பும் இப்படிப் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும் இன்னொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

போர்ட்லண்டில் வில்லமெட் ஆற்றங்கரையில் ஓக்ஸ் பார்க் என்று 1905-இல் திறந்த ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அதற்குள் ஹாங்கர் என்ற பெரிய கொட்டகை. ரோஸ் சிட்டி ரோலர்ஸ் ஆடுவது அங்கேதான். நான் பார்த்த ஆட்டங்களில் பெரும்பகுதி அங்கே பார்த்தவை. வளைவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தால் மூன்று பேர் சுவரை மிக அருகில் பார்க்கலாம். இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி, ஜாம்மருக்கு முதுகு காட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பார்கள். மூன்றாமவர் அவர்களுக்கு முன்னால், முகத்தை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, பின்னோக்கியே ஸ்கேட் செய்வார். அவரை பிரேஸ் என்கிறார்கள். தள்ளுகிற ஜாம்மரை நேருக்கு நேர் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். கண்ணும் அவர்தான், முட்டுக்கட்டையும் அவர்தான்.

ஒரு ஆட்டத்தின் இரண்டாம் பாதி. பிரேஸாக நின்றவர் குள்ளமானவர். ஹெல்மெட்டுக்குக் கீழே நரைத்த முடி தெரிந்தது. எதிரணி ஜாம்மர் அவரைவிடத் தலை உயரம். முதல் இடி இடப்பக்கம் விழுந்தது. பிரேஸ் இரண்டு உள்ளங்கைகளாலும் தோழிகளின் தோள்களை அழுத்தினார், அவ்வளவுதான். மூவரும் அரை அடி நகர்ந்தார்கள், சந்து அடைந்தது. "உள்ளே, உள்ளே!" என்று கத்தினார். ஜாம்மர் உள்கோட்டுக்குத் தாவுவதற்குள் சுவர் அங்கே போய்விட்டது. அடுத்து சுவரில் ஒருவர் இடுப்பால் ஒரே இடி. ஜாம்மர் கோட்டுக்கு வெளியே. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்குப் பிறகு வருவது. வெளியே தள்ளப்பட்டவர், தள்ளியவருக்குப் பின்னால்தான் மறுபடி தடத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. அதனால் இடித்தவர் சும்மா நிற்கமாட்டார். உடனே பின்பக்கமாக ஸ்கேட் செய்து போவார். அவர் போகப் போக, ஜாம்மரும் வெளியில் அவ்வளவு தூரம் பின்னால் ஓடியாக வேண்டும். அன்று அந்த ஜாம்மர் பாதி வளைவு தூரம் திரும்பிப் போய் உள்ளே வந்தார். அதற்குள் சுவர் மறுபடி கட்டி முடிந்திருந்தது. இதற்கிடையே நான்காவது பிளாக்கர் தனியாகப் போய் எதிரணிச் சுவரைப் பக்கவாட்டில் உடைத்து, தங்கள் ஜாம்மருக்கு வழி பண்ணிவிட்டுத் திரும்பிவிட்டார். ஸ்கோர் பலகையில் இந்த நால்வர் பெயரில் எதுவும் ஏறவில்லை.

இதை முரட்டு ஆட்டம், பெண்கள் அடித்துக்கொள்ளும் வேடிக்கை என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. ட்ரூ பாரிமோர் இயக்கிய 'விப் இட்' (2009) படத்தைப் பார்த்து ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஏராளம். அந்தப் படத்துக்கு டெர்பி உலகம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதில் வரும் முழங்கைக் குத்தும் குடுமிப்பிடியும் இன்றைய தடத்தில் செல்லாது. முழங்கையால் இடித்தால் தவறு. முதுகில் தள்ளினால் தவறு. தலையில் பட்டால், கால் தடுக்கினால் தவறு. ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி பெனால்டி பாக்ஸ். ஏழு சேர்ந்தால் அன்றைய ஆட்டத்திலிருந்தே வெளியே. இடுப்பு, தோள், மார்பு, தொடை இவற்றைக் கொண்டு, எதிரியின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ இடிக்க வேண்டும். சக்கரத்தின் மேல் நின்றுகொண்டு, இத்தனை கட்டுப்பாட்டோடு, அவ்வளவு பலத்தையும் இறக்குவது சாமானிய வேலை இல்லை.

இந்த ஆட்டம் பிறந்தது 1935-இல், சிகாகோ கொலீசியத்தில். லியோ செல்ட்சர் என்ற ஏற்பாட்டாளர் தொடங்கியபோது அது நாள்கணக்கில் சுற்றும் ஓட்டப் பந்தயம். முதல் நாளிலிருந்தே ஆணும் பெண்ணும் ஒரே தடம், ஒரே விதி. பின்னாளில் மோதல் சேர்ந்தது, தொலைக்காட்சி சேர்ந்தது, 1973-இல் செல்ட்சர் குடும்பம் கடையை மூடியது. அந்தப் பழைய கதையில் ஆட்டக்காரர்கள் கூலிக்கு ஆடியவர்கள், ஆட்டம் முதலாளியுடையது.

எனக்கு முக்கியமானது இரண்டாவது பிறப்பு. 2001 வாக்கில் டெக்சஸில் ஆஸ்டின் நகரப் பெண்கள் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். இரண்டே ஆண்டில் லீக் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை வந்தது. 2003-இல் பெரும்பாலோர் பிரிந்து வந்து டெக்சஸ் ரோலர்கேர்ள்ஸ் என்ற லீக்கைத் தொடங்கினார்கள். பழைய டெர்பிக்குச் சாய்வான மரத் தடம் வேண்டும். அதைச் செய்யவும் வைத்துக்கொள்ளவும் பெரும் பணம் ஆகும். இவர்கள் சாதாரண ஸ்கேட்டிங் கூடத் தரையில் ஒரு கயிற்றை முட்டை வடிவத்தில் போட்டு, மேலே டேப் ஒட்டி ஆடினார்கள். டேப்புக்குள் கயிறு இருப்பதால் கோட்டை மிதித்தால் காலுக்கே தெரியும், குனிந்து பார்க்க வேண்டாம். ஒரு சுருள் கயிறும் சில சுருள் டேப்பும் இருந்தால் எந்த ஊரிலும் டெர்பி ஆடலாம் என்றானது. அங்கிருந்துதான் மெல்பர்ன் வரைக்கும், கெய்ரோ வரைக்கும் பரவியது. 2004-இல் சில லீக்குகள் கூடி ஒரு கூட்டமைப்பு அமைத்தன; பெண்கள் தட்டைத் தட டெர்பி சங்கமாக இன்று அது நூற்றுக்கணக்கான லீக்குகளைக் கொண்டது. ஆடுகிறவர்களே ஆடுகிறவர்களுக்காக நடத்துவது என்பதுதான் அதன் கொள்கை.

இதை வெறும் கோஷமாக நான் எண்ணவில்லை. சில ஆண்டுகள் ஆட்டம் மந்தமாகிப் போயிருந்தது. அப்போது முதல் விசில் பிளாக்கர்களுக்கு. அவர்கள் எல்லாரும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஜாம்மர்களுக்கு இரண்டாவது விசில். முன்னணியில் இருக்கும் அணி நகராமலே நின்று நேரத்தைக் கரைக்கலாம். கரைத்தார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் கத்தினார்கள். வியாபாரமாக நடக்கும் விளையாட்டில் மேலேயிருந்து ஒரு ஆணை வந்திருக்கும். இங்கே நின்றவர்களும், நிற்கவைக்கப்பட்டவர்களுமே உட்கார்ந்து பேசி விதியை மாற்றினார்கள். 2013-இல் எல்லாருக்கும் ஒரே விசில் வந்தது. சின்னத் தவறுகளைக் கூட்டிக் கணக்குப் பார்க்கும் முறை ஒழிந்தது. அதற்கடுத்து பெனால்டி ஒரு நிமிடத்திலிருந்து 30 விநாடியானது. இன்று நாம் பார்க்கும் வேகமான ஆட்டம் இப்படி வந்ததுதான். அமெச்சூர் என்றால் ஒரு படி கீழே என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பட்டப்பெயர்களையும் கிழிந்த காலுறைகளையும் பற்றிப் பத்திரிகைகள் எழுதிவிட்டன, போதும். போனி தண்டர்ஸ் என்ற பெயரை நான் நினைவு வைத்திருப்பது, அவர் வளைவின் முனையில் வெட்டவெளி மேல் தாவி, நான்கு பேரைக் கடந்து, கோட்டுக்குள் சக்கரம் படும்படி இறங்குவதற்காக. அவர் ஆடிய நியூயார்க் கோத்தம் அணி 2011 முதல் 2014 வரை நான்கு ஆண்டுகள் சாம்பியன். 2014 இறுதியில் போர்ட்லண்டின் ரோஸ் சிட்டி அவர்களிடம் 147–144 என்று தோற்றது. மூன்றே புள்ளி! அடுத்த ஆண்டு அதே இரண்டு அணிகள். 206–195, ரோஸ் சிட்டி வென்றது. இவர்களில் யாருக்கும் சம்பளம் இல்லை. லீக்குக்கு மாதச் சந்தா கட்டி, போட்டிக்குப் போக விமானக் கட்டணத்துக்கு நிதி திரட்டி, வேலை முடிந்த மாலைகளில் பயிற்சி செய்தவர்கள் ஆடிய இறுதிப் போட்டி அது. அந்த 11 புள்ளிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

ஆட்டக்காரர்களைப் போலவே நடுவர்களும் தொண்டர்கள்தான். ஸ்கேட்டில் ஏழு நடுவர்கள் வரை, அதுபோக ஸ்கேட் இல்லாமல் புள்ளி எழுத, தவறு எழுத, கடிகாரம் பிடிக்க ஒரு பட்டாளம். வாசலில் டிக்கெட் கிழித்தவர் அடுத்த ஆட்டத்தில் பிளாக்கராக வருவார். 2020-இல் கொரோனா வந்து போட்டிகள் நின்றபோது பல லீக்குகள் கூடத்தையும் ஆட்களையும் இழந்தன. திரும்பி வந்தவை இப்போது ஆள் சேர்க்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு முதல் பாடம் விழுவதுதான்: உடம்பைச் சுருக்கி விழ வேண்டும், விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்னால் வரும் சக்கரம் ஏறிவிடும். வயது கேட்பதில்லை. ஸ்கேட் கட்ட விருப்பமில்லை என்றால் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வருகிறீர்களா என்று கேட்கிறார்கள்.

அப்படித்தான் நானும் பெனால்டி பாக்ஸுக்கு வந்தேன். மூச்சிரைக்க வந்து உட்கார்பவருக்கு 30 விநாடி எண்ண வேண்டும். கடைசி 10 விநாடி இருக்கும்போது எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். முடிந்ததும் அனுப்ப வேண்டும். அந்த நாற்காலியில் இருக்கும்வரை எந்த அணிக்கும் கைதட்டக்கூடாது. நல்ல சுவர் ஒன்று கண்ணெதிரே கட்டப்படும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கடினமாகத்தான் இருக்கிறது. இந்த சீசனுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.