அரையளவு நகரும் நிலம்



இந்த வாரம் உங்களோடு ஒரு சதுப்பு நிலத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது என் எழுது மேசையின்மேல் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அளவு அகலம். மூன்று மில்லிமீட்டர் கனம். என் கைகளாலேயே செய்தது. செய்து முடிப்பதற்குள் இரண்டு முறை தோற்றேன். அந்தத் தோல்விகளைவிடப் பெரிய என் தவறு ஒன்றையும் அந்தப் பலகை எனக்குக் காட்டியது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் வாழும் இந்த இங்கிலாந்து நகரத்தில், எங்கள் திருச்சபை மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் சில இளைஞர்கள் கூடுகிறார்கள். விரல் நீளமே உள்ள போர்வீரர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டி, பெரிய மேசையில் அணிவகுத்து, பகடை உருட்டி விளையாடுவார்கள். இந்த நாட்டில் இது பழைய பொழுதுபோக்கு. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913ஆம் ஆண்டிலேயே பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி ஆடுவதற்கான விதிகளைப் புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். மண்டபத்தின் சாவி என்னிடம் இருப்பதால் நானும் அங்கே ஒரு மூலையில் அமர்ந்திருப்பது வழக்கம்.

அந்தக் கூட்டத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் உண்டு. அவன் தகப்பனார் சென்ற ஆண்டு திடீரென்று காலமானார். அடக்க ஆராதனையை நடத்தியவன் நான். அதற்குப் பின் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவாகவும் சனிக்கிழமைகளில் தவறாமலும் வந்தான். விளையாடுவதைக் காட்டிலும் நிலம் செய்வதில்தான் அவனுக்கு விருப்பம் அதிகம். ஒரு நாள், "பாஸ்டர் அங்கிள், சும்மாதானே இருக்கீங்க, ஒரு சதுப்பு செஞ்சு தாங்களேன்" என்றான்.

இந்த விளையாட்டில் 'கடின நிலம்' என்று ஒன்று உண்டு. சேறு, புதர்க்காடு, கற்கள் சிதறிய தரை, உழுத வயல் போன்றவை. திறந்த வெளியில் ஆறு அங்குலம் நகரும் காலாட்படை, பல விதிமுறைகளில், கடின நிலத்திற்குள் மூன்று அங்குலமே நகரும். கடக்கவே முடியாத நிலம் என்பது வேறு வகை. செங்குத்துப் பாறையும் ஆழமான ஏரியும் அதில் சேரும். கடின நிலத்தைக் கடக்கலாம். ஆனால் மெதுவாகத்தான் கடக்கலாம்.

நான் உற்சாகமாகத் தொடங்கினேன். தடித்த அட்டையை வெட்டி, வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூசி, மணலைத் தூவி, இரவு முழுவதும் காயவைத்தேன். காலையில் பார்த்தால் அட்டையின் ஓரங்கள் அப்பளம்போல் மேலெழும்பியிருந்தன. ஈரப்பசை ஒரு பக்கம் காய்ந்து சுருங்கும்போது அட்டையையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மூன்று மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டாவது முறை பலகையில் செய்தேன். நல்ல கற்களாகப் பொறுக்கி, முறிந்த மரத்துண்டுகளை நட்டு, மேடும் பள்ளமுமாக அமைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பையன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நான்கு வீரர்களை எடுத்து அதன்மேல் வைத்தான். நான்கும் சாய்ந்து விழுந்தன. "அழகா இருக்கு அங்கிள். ஆனா இதுல யாராலயும் நிக்க முடியாது" என்றான். வாசகரே, நான் ஆயத்தம் செய்த பிரசங்கங்களில் எத்தனைக்கு இந்த வாக்கியம் பொருந்தும் என்று அன்றிரவு எண்ணிப்பார்த்தேன்.

மூன்றாவதை அவனே பக்கத்தில் அமர்ந்து கற்பித்தான். பலகையை வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டாமல், வளைந்து நெளிந்த உருவில் சிறு ரம்பத்தால் அறுக்க வேண்டும். இயற்கையில் சேறு அளவுகோல் வைத்துப் பரவுவதில்லை. பிறகு ஓரங்களைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவு இல்லாவிட்டால் பலகை மேசையின்மேல் வைத்த தட்டுப்போலத் தனித்துத் தெரியும்; விளிம்பில் நிற்கும் வீரனும் கவிழ்வான். மணலைப் பசையில் ஒட்டிக் காயவைத்து, ஆழ்ந்த பழுப்பு நிறம் பூச வேண்டும். அது காய்ந்தபின், தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு, அதில் பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, மேலாக இழுத்தால் மணலின் முகடுகள் மட்டும் வெளுக்கும். பள்ளங்கள் இருண்டே நிற்கும். தண்ணீர் தேங்கிய இடங்களில் பளபளப்பான வார்னிஷை இரண்டு மூன்று முறை பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் முழுவதும் காய்ந்தபின்பே அடுத்தது.

நாணலுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவன் சிரித்தபடி, மண்டபத்தின் வாசலில் தேய்ந்து கிடந்த தென்னந்தும்பு மிதியடியிலிருந்து ஒரு கொத்து பிடுங்கி வந்தான். இந்த நாட்டு விளையாட்டுக்காரர்கள் அத்தகைய மிதியடியை அப்படியே வெட்டி விளைந்த கோதுமை வயலாகவும் வைப்பதுண்டாம். நம் ஊர்ப்பக்கத்துத் தென்னையின் தும்பு, ஐரோப்பியச் சதுப்பின் நாணலாய் நின்றதைக் கண்டு எனக்கும் சிரிப்பு வந்தது. கொத்துகளை ஓரமாகவே நட்டோம். நடுவில் வீரர்களின் அடிவட்டுகள் நிற்பதற்காக, நாணயம் அளவுள்ள சமமான இடங்களை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். கடின நிலத்திலும் கால் ஊன்ற இடம் வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன். அந்தப் பிள்ளை மறக்கவில்லை.

பலகை ஆயத்தமானதும் என்னையும் ஆட அழைத்தான். குதிரைப்படையை நேரே சதுப்பின் வழியாக ஏவினேன். அது பாதி வழியில் நின்றுவிட்டது. "தட்டையாகத்தானே இருக்கிறது, ஏன் இத்தனை தாமதம்?" என்று சலித்துக்கொண்டேன். "மேலயிருந்து பாக்குற உங்களுக்குத்தான் தட்டை அங்கிள். உள்ள நிக்கிறவனுக்கு முழங்கால் வரைக்கும் சேறு" என்றான்.

சரித்திரம் இதை அறியும். 1415 அக்டோபர் 25 அன்று பிரான்சின் அஜின்கோர்ட்டில் உழுது போட்ட வயல்கள் மழையில் ஊறிக்கிடந்தன. கனத்த கவசம் அணிந்த பிரெஞ்சு வீரர்கள் அந்தச் சேற்றில் நடந்து ஆங்கிலேயரை எட்டுமுன்னே களைத்துப்போனார்கள். நியாயாதிபதிகள் ஆகமத்தில் வரும் சிசெராவையும் நீங்கள் அறிவீர்கள். 900 இருப்பு ரதங்கள் இருந்தும் கீசோன் நதியருகே அவை அவனுக்கு உதவவில்லை. ரதத்தைவிட்டு இறங்கிக் கால்நடையாய் ஓடினான். வரைபடத்தில் இந்த இடங்களெல்லாம் சமவெளிகள்தாம்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். அந்தப் பையனின் தாயார் எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர். கணவர் மறைந்து எட்டு மாதங்கள் ஆகியும் அவர் வெள்ளிக்கிழமைக் கூடுகைக்கு வரவில்லை. ஒரு நாள் ஆராதனை முடிந்தபின் வாசலில் நிறுத்தி, "சகோதரி, எட்டு மாதம் ஆகிவிட்டது; இனி எழுந்து முன்போல நடக்க வேண்டாமா?" என்றேன். ஊக்கப்படுத்துவதாகவே நினைத்தேன். அவர், "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் முதல் ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. மேலிருந்து பார்த்தேன், எனக்குத் தட்டையாகத் தெரிந்தது.

ஆட்டம் தொடங்குமுன் பையன் தவறாமல் ஒரு காரியம் செய்வான். சதுப்பின் ஓரத்தில் விரலை வைத்து, எதிரே நிற்பவரிடம், "இங்கேயிருந்து இங்கே வரைக்கும் கடின நிலம், சரியா?" என்று கேட்பான். அதற்கென்றே பலகையின் விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும் என்பான். முன்கூட்டிப் பேசி வைக்காவிட்டால் நடு ஆட்டத்தில் சண்டை வரும். அந்தக் கேள்வியை மூன்றாம் முறை கேட்டபோது என் மனம் குத்துண்டது. அவன் தாயாரிடம் நான் அதை ஒருபோதும் கேட்டதில்லை. அவருடைய சேறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நானே கோடு கிழித்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குச் சென்றேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "எது உங்களுக்குக் கடினமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அமைதியாயிருந்தேன். தேநீர் ஆறும்வரை அவர் பேசவில்லை. பின்பு சொன்னார்: "காலையெல்லாம் பரவாயில்லைங்க ஐயா. சாயங்காலம் அஞ்சரை மணிதான். அவர் கார் தெருவுக்குள்ள திரும்புற நேரம். அந்த நேரத்துல என்னால எங்கேயும் இருக்க முடியல."

எங்கள் வெள்ளிக்கிழமைக் கூடுகை மாலை ஐந்தரை மணிக்கு. அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று நான் கலங்கியிருந்தேன். கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஐக்கியத்துப் பெண்களிடம் விவரம் ஏதும் சொல்லாமல் நேரத்தை மாற்றலாமா என்று கேட்டேன். கூடுகை இப்போது சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நடக்கிறது. அவர் உடனே வந்துவிடவில்லை. ஐந்தாவது வாரம் வந்தார். அதற்கடுத்த வாரம் வரவில்லை. பிறகு மீண்டும் வந்தார். மூன்று மூன்று அங்குலமாக நகர்கிறார்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேசையில் சதுப்பை வைப்பவர்கள் நாங்கள். ஆட்டம் சுவைப்பதற்காக வைக்கிறோம். ஒரு பிள்ளையின் தகப்பன் ஏன் போனார் என்ற கேள்விக்கு அந்தப் பலகையில் விடை இல்லை. அப்படி ஒரு விடையை அதிலிருந்து பிழிந்தெடுக்கவும் மாட்டேன். நான் அதில் கற்றது சிறிய காரியம். அடுத்தவர் நகரும் அளவை அவர் நிற்கும் நிலத்தை வைத்து அளக்க வேண்டும்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலோ சபையிலோ வேலைத்தலத்திலோ, "இவர் ஏன் இன்னும் இப்படியே இருக்கிறார்?" என்று நீங்கள் சலித்துக்கொள்ளும் ஒருவர் இருக்கக்கூடும். இந்த வாரம் அவரிடம் போய் எது கடினமாக இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டபின் தேநீர் ஆறினாலும் பொறுத்திருங்கள். ஒருவேளை சேற்றில் நிற்பவர் நீங்களே என்றால், உங்கள் மூன்று அங்குலத்தைக் குறித்து வெட்கப்பட வேண்டாம். அதுவும் நடைதான்.

சமாதானம் உங்களோடிருப்பதாக.

உங்கள் போதகர்