கடல் கடந்த ஒரு சொல்

மனிதர் போன்றே சொற்களும் பயணஞ் செய்கின்றன என்று மொழியியல் வகுப்பில் எமது விரிவுரையாளர் கூறுவதுண்டு. தமிழிலிருந்து ஐரோப்பிய மொழிகளுட் புகுந்த சொற்களுக்கு எடுத்துக்காட்டாக அவர் ஒருநாள் 'கட்டுமரம்' என்பதைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பிலிருந்தோர் பெருமிதத்துடன் தலையசைத்தனர். நான் மட்டும் குறிப்பெடுப்பவன் போலக் குனிந்துகொண்டேன். ஏனையோருக்கு அது அகராதிச் சொல். எனக்கோ அது வீட்டுச் சொல். அந்த வீட்டைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் எவரிடமும் அதுவரை நான் உண்மை கூறியிருக்கவில்லை.

பருத்தித்துறைக்குக் கிழக்கே நீளும் மணற்கரையில் அமைந்த சிறிய கிராமம் எனது ஊர். தந்தையின் தந்தையாரை நாங்கள் அப்பு என்றே அழைப்போம். அவர் தமது பதினான்காம் வயதிலிருந்து கட்டுமரத்திற் கடற்றொழில் செய்தவர். செதுக்கிய மென்மரங்களைக் கயிற்றாற் பிணைத்துக் கடலில் இறக்கி, தொழில் முடிந்து கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர விடுவார். "வள்ளம் தாழும், கட்டுமரம் தாழாது. தாழுறதுக்கு அதுக்கு உள்ளெண்டு ஒண்டு இல்லை" என்பது அவர் அடிக்கடி கூறும் வாசகம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை அம்மரங்களையும் எம் வீட்டையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. அப்போது எனக்கு வயது இரண்டு. அதன்பின் நாங்கள் கரையை விட்டு உள்ளே குடியேறினோம். "கடலைப் பார்; காலை நனையாதை" என்பது அம்மா எனக்கு இட்ட கட்டளை. கடலோசை கேட்கும் தூரத்தில் வளர்ந்தும் நீந்தத் தெரியாத ஒருவனாக நான் ஆனது இவ்வாறுதான்.

பல்கலைக்கழக விடுதிக்கு வந்த முதல் வாரத்தில், "தகப்பன், பேரன் என்ன தொழில்?" என்று கேட்கப்பட்டது. தொழிலைக் கேட்பதன் மூலம் வேறொன்றை அறிந்துகொள்வது நம்மவர் வழக்கம். நான் "கமம்" என்றேன். அந்த ஒற்றைச் சொல்லை மூன்று ஆண்டுகள் காப்பாற்றினேன்.

இந்நிலையில், பாரிஸ் நகரிலே நெடுங்காலமாக வாழும் என் தாய்மாமன் சென்ற விடுமுறையில் என்னை அழைப்பித்துக்கொண்டார். அவர் குடும்பத்துடன் குவாதலூப் தீவுக்குச் செல்ல ஏற்பாடாகியிருந்தது; நானும் உடன் சென்றேன். கரீபியன் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் இருபுறமும் கொண்ட இத்தீவு, பாரிஸிலிருந்து விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட தூரத்தில் இருந்தாலும், சட்டப்படி பிரான்சின் ஒரு மாவட்டமே. அங்கே சென் பிரான்சுவா என்னும் துறையிலிருந்து பெத்தீத் தேர் என்ற ஆளற்ற தீவுகளுக்கு ஒரு முழுநாட் பயணம் போவதென முடிவாயிற்று. மாமா பயணச் சீட்டை நீட்டினார். அதில் 'கத்தமரான்' என்ற சொல்லைப் பிரெஞ்சு எழுத்திற் கண்டபோது, மறைத்து வைத்த பொருளைப் பிறர் கையிற் கண்டவன் போல ஆனேன்.

காலை எட்டு மணிக்குத் துறையில் நின்ற அந்தப் படகு என் அப்புவின் மரங்களுக்கு எவ்வகையிலும் உறவாகத் தோன்றவில்லை. வெண்ணிறமான இரண்டு ஒடுங்கிய உடல்கள், அவற்றை இணைத்து ஒரு தளம், உயர்ந்த பாய்மரம், முன்புறத்தில் இரு உடல்களுக்குமிடையே இழுத்துக் கட்டிய ஒரு வலை. எங்கள் ஊரில் வலை மீனுக்கு உரியது. இங்கோ அதன்மேல் எண்ணெய் பூசிய மனிதர் படுத்து வெயில் காய்ந்தனர்.

உண்மையில் இப்படகின் வடிவம் நம்முடையதன்று. இரண்டு ஓடங்களைக் குறுக்கு மரங்களால் இணைக்கும் முறை பசிபிக் தீவு மக்களுக்கு உரியது. சோழமண்டலக் கரையிலே பிணைத்த மரங்களைக் கண்ட ஆங்கிலக் கடலோடி வில்லியம் டம்பியர், 1697 இல் வெளியான தமது பயண நூலில் இச்சொல்லைப் பதிவு செய்தார். 1876 இல் நத்தானியல் ஹெரெஷொவ் என்ற அமெரிக்கப் படகுச் சிற்பி இரட்டை உடற் பாய்ப்படகு ஒன்றைக் கட்டினார். அவ்வகைப் படகுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வடிவம் ஓரிடத்தது, பெயர் ஓரிடத்தது. பெயரைக் கொடுத்தவர்களோ இன்றும் கரையில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போது சற்றே கசப்புடன் எண்ணினேன்.

துறையைக் கடந்ததும் காற்று எதிர்த்தது. அங்கு ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று அது. அப்பு இருந்திருந்தால் அதைக் கொண்டல் என்றிருப்பார். செல்லும் திசை தென்கிழக்காதலால் படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி விழுந்தது. இடப்புறத்தில் தீவின் கோடியான பாறை முனையும் அதன் உச்சியிலுள்ள சிலுவையும் மெல்லப் பின்னகர்ந்தன. அப்பால் தெசிராத் தீவு நீலக் கோடாகத் தெரிந்தது. நான் இரு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு கண்களை மூடியிருந்தேன்.

படகோட்டிகள் இருவரில் மூத்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். எங்கள் ஊர்ச் சந்தையிற் கண்டால் அயலூரவர் என்றே நினைத்திருப்பேன். அவருடைய குடும்பப் பெயரின் ஈற்றில் 'சாமி' என்பது பிரெஞ்சு எழுத்துக்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் தமிழில் உரையாடுவதைக் கேட்டு அருகில் வந்து அமர்ந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. தம் பேரனார் மாரியம்மன் கோயிலிற் பாடிய பாட்டின் சில அடிகள் மட்டும் பொருள் தெரியாமல் மனனமாக உள்ளன என்றார். பின்னர், இந்தப் படகின் பெயர் தம் முன்னோர் மொழியிலிருந்து வந்தது என்று கேள்விப்பட்டிருப்பதாகவும் அதன் பொருள் என்னவென்றும் மாமா மூலம் என்னிடம் வினவினார்.

"கட்டு என்றால் பிணைத்தல், மரம் என்றால் மரம்" என்றேன்.

"இதைப் பள்ளியிற் படித்தாயா?"

பல்கலைக்கழகத்திற் படித்தேன் என்று கூறியிருக்கலாம். அது பொய்யும் அன்று. ஆயினும் நடுக்கடலில், என்னை எவரும் அறியாத இடத்தில், வாய் தானாகவே வேறொன்றைக் கூறிற்று. "என் அப்பு கட்டுமரத்திற் தொழில் செய்தவர்."

மாமா சிறிது நேரம் மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். பின்பு மொழிபெயர்த்தார். அம்மனிதர் கம்பியைப் பற்றியிருந்த என் கைகளைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் ஏன் இதை இவ்வாறு பிடித்திருக்கிறாய்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

பெத்தீத் தேர் என்பது இரண்டு தாழ்ந்த தீவுகள். அவற்றுக்கு இடையே, பவளப் பாறைகளால் அலை தடுக்கப்பட்ட ஆழமற்ற நீர்ப்பரப்பு உண்டு. 1998 முதல் இது காப்பரண் பெற்ற இயற்கை ஒதுக்கிடம். ஒரு தீவில் எவரும் கால் வைக்கக்கூடாது. மற்றதில் 1840 இல் எழுப்பிய வெளிச்சவீடும், உலகில் அருகிவரும் சிறிய அந்தீல்ஸ் இகுவானா எனப்படும் பெரும் ஓந்திகளும் உள்ளன. கரையோரத்தில் நச்சுப் பாலுடைய மரங்கள் நின்றன. மழை பெய்தாலும் அவற்றின்கீழ் ஒதுங்கவேண்டாம் என்று எச்சரித்தார்கள்.

எல்லோரும் கண்ணாடியும் சுவாசக் குழாயும் அணிந்து நீரில் இறங்கினர். மாமாவின் பத்து வயது மகளும் இறங்கினாள். நான் படகின் ஏணியில் முழங்கால் நனைய நின்றேன். "என்னடா மருமோன், கடற்கரையிலை பிறந்தனி, தண்ணிக்குப் பயப்பிடுறியே?" என்றார் மாமா. அவர் பகிடியாகச் சொன்னது எனக்கு ஊரே கூடிக் கேட்டது போலிருந்தது.

அப்போது அந்த மூத்த படகோட்டி நீரிலிறங்கி வந்து தம் உள்ளங்கையை என் முதுகின்கீழ் வைத்து ஏதோ கூறினார். "பலகை போலக் கிட என்கிறார், மல்லாந்து மிதப்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார் மாமா. நான் கைகால்களை உதைத்தேன், மூக்கினுள் உப்பு நீர் ஏறிற்று, ஏணிக்குத் திரும்பினேன். மீண்டும் அழைத்தார். இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை களைப்பினாலோ என்னவோ உடல் தளர்ந்தது. காதுகள் நீருள் அமிழ்ந்தன. உலகின் ஓசை அடங்கிற்று. அவருடைய கை என் முதுகின்கீழ் இல்லை என்பதை நான் சற்றுப் பிந்தியே உணர்ந்தேன். வானம் மட்டும் இருந்தது. தாழாது, தாழாது என்று அப்பு கூறுவது உள்ளே கேட்டது.

பின்னர் என்னைக் குப்புறத் திருப்பிக் கண்ணாடியை அணிவித்தார். மூச்சு குழாயில் இரைந்து போய்வந்தது. கீழே கடற்புல் வெளியில் ஓர் ஆமை, மாடு மேய்வது போல அவசரமின்றி மேய்ந்துகொண்டிருந்தது. திருக்கை ஒன்று மணலை உதறி எழுந்து சென்றது. கிளிமீன்கள் பாறையைக் கடிக்கும் ஒலி தெளிவாகக் கேட்டது. மான்கொம்பு போற் கிளைவிடும் பெரிய பவளங்களிற் சில தவிட்டு நிறமாக உயிரோடிருந்தன; பல சாம்பல் நிறமாக இறந்து பாசி படிந்து கிடந்தன. கரீபியன் கடல் 2005 இலும் 2023 இலும் அளவுமீறி வெப்பமடைந்தபோது பவளங்கள் பெருந்தொகையாக வெளுத்தன. நம் நாட்டுப் பவளப் பாறைகளும் 1998 இல் இவ்வாறே வெளுத்தவைதாம். தம் இளமையிற் கண்டது இது அன்று என்று படகோட்டி பின்பு கூறினார். வேறு கருத்துரை கூறவில்லை.

மதிய உணவாக வந்தது கோழிக் கறியும் சோறும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கொலம்போ'. குழம்பு என்பதன் திரிபு அது என்பாரும் உளர். நம் கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உளர். மஞ்சளும் மல்லியும் கமழ்ந்த அந்த உணவை உண்டவாறே அம்மனிதர் தம் குலத்தின் வரலாற்றைக் கூறினார். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848 இல் அடிமைமுறை ஒழிந்தது; கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பர் 24 ஆம் திகதி 'ஒரேலி' என்ற கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரைக் கொணர்ந்து புவாந்த் அ பீத்ர துறையில் இறக்கிற்று. 1889 வரை ஏறத்தாழ நாற்பத்திரண்டாயிரம் இந்தியர் வந்தனர்; அவர்களுட் கணிசமானோர் புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாகக் கப்பலேறிய தமிழர். வந்தவரின் ஒற்றைப் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராயிற்று. அவர்களின் வழித்தோன்றல்களுக்கு வாக்குரிமை வேண்டி ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904 இல் தொடங்கிய வழக்கு 1923 வரை நீண்டது. தோட்டத் தொழிலாளராகக் கொண்டுவரப்பட்டு, குடியுரிமைக்குப் போராடிய மலையக மக்களின் வரலாற்றை அறிந்த நமக்கு இது புதிய கதையன்று.

"பள்ளியில் எங்களைக் கூலி என்பார்கள். என் தந்தை கோயிலுக்குப் போவதை மறைத்தார். நான் மறைப்பதில்லை" என்றார். பின்பு தம் பெயரின் ஈற்றிலுள்ள 'சாமி' என்பதன் பொருளைக் கேட்டார். கூறினேன். சிரித்தார், தம் இளம் தோழரிடம் அதைப் பிரெஞ்சில் உரக்கக் கூறினார்.

திரும்பும்போது காற்றுப் பின்னிருந்தது. பாயை விரித்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். நான் வலையின்மீது சென்று அமர்ந்தேன். கீழே நீர் பாய்ந்தோடியது, கம்பியைப் பற்றவில்லை. காலையில் எனக்கு எழுந்த கசப்பு நியாயமற்றதென உணர்ந்தேன். நம் சொல்லை எவரும் திருடிச் செல்லவில்லை. அது உலகெங்கும் தலைநிமிர்ந்தே திரிகிறது. அதனை உச்சரிக்க நாணியவன் நான் ஒருவனே.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கரைக்குப் போனேன். அப்பு 2019 இல் காலமாகிவிட்டார். அவருடைய துடுப்பு ஒன்றை அப்பாச்சி வீட்டு வளையிற் செருகி வைத்திருக்கிறார். அம்மா பின்னாலேயே வந்து மணலில் நின்றார். அன்று கடல் அமைதியாயிருந்தது. மார்பளவு நீரில் இறங்கி, மல்லாந்து, மரம்போற் கிடந்தேன். எழுந்து பார்த்தபோது அம்மா சேலைத் தலைப்பை வாயிற் பொத்தியபடி, கணுக்கால் நனைய நீரோரத்தில் நின்றுகொண்டிருந்தார். "காணும், வா" என்றார். அவ்வளவே.

இக்கட்டுரையைச் சங்கத்தின் மலருக்கு அளிப்பதற்குக் காரணம் ஒன்றுண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னை வினவிய விடுதித் தோழர்கள் இதைப் படிப்பார்கள். என் பேரனார் கமக்காரர் அல்லர், கட்டுமரம் வலித்தவர். அன்று தவறாகக் கூறியதைப் பொறுத்தருள்வார்களாக.