எந்தப் பாதையில் தடை?

கெமாஸ் ஒரு ரயில் சந்திப்பு. கிழக்குக் கரைக்குச் செல்லும் ரயில் பாதை இங்கிருந்துதான் பிரிந்து, கிளந்தான் மாநிலத்தின் தும்பாட் வரை நீள்கிறது. தோட்டத்தை விட்டு இவ்வூருக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தின் வீட்டில், ஒருநாள் பிற்பகல் இணையம் நின்றுபோனது.

எஸ்.பி.எம். தேர்வை முடித்திருந்த மகள், மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். மாலை 5 மணியோடு விண்ணப்பக் காலம் முடிகிறது. அப்போது மணி 3.30. கைப்பேசி அலைவரிசையோ அந்த வீட்டுக்குள் ஒரு கோட்டைத் தாண்டாது. கடைசி நாள்வரை தள்ளிப்போட்டதற்கு அம்மாவின் கண்டிப்பு வேறு.

தம்பி ஓர் ஊசியுடன் ஓடிவந்தான். மோடத்தின் பின்புறத் துளையில் குத்தினால் சரியாகிவிடும் என்றான். ரயில்வேயில் தண்டவாளப் பணி செய்து ஓய்வுபெற்ற தாத்தா அவனைத் தடுத்தார்.

“பொறு ஐயா! ரயில் வரவில்லை என்றால் தண்டவாளத்தைப் பெயர்ப்போமா? எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே நிற்கிறது என்றுதானே முதலில் கேட்போம்?”

அவர் தடுத்ததும் நல்லதே. அந்தத் துளையை அழுத்தினால் மோடத்தில் பதிந்துள்ள அமைப்புகள் அழிந்துபோகக்கூடும்.

அக்காள் யோசித்தாள். தெருவிலிருந்து மோடம், மோடத்திலிருந்து ரௌட்டர், ரௌட்டரிலிருந்து கைப்பேசி. இவைதாம் நிலையங்கள். இரண்டு கருவிகளையும் அணைத்து, அரை நிமிடம் கழித்து முதலில் மோடத்தையும் பிறகு ரௌட்டரையும் இயக்கினாள். பயனில்லை. கைப்பேசியில் வைஃபை முழுமையாகத் தெரிந்தது. எனவே, கைப்பேசிக்கும் ரௌட்டருக்கும் இடையே தடையில்லை. மடிக்கணினியை ரௌட்டருடன் கம்பிவழி இணைத்துப் பார்த்தாள். அப்போதும் இணையம் இல்லை. இறுதியாக மோடத்தைக் கவனித்தாள். ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக மின்னியது. வெளியிலிருந்து ஒளிச் சமிக்ஞை வந்து சேரவில்லை என்பது அதன் பொருள்.

“இணைய நிறுவனத்தின் தவறுதான்!” என்று அப்பா தொலைபேசியை எடுத்தார். அதற்குள் அவள் கம்பியைப் பின்தொடர்ந்து சென்றாள். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே அது நசுங்கி மடிந்திருந்தது.

அந்தக் கம்பிக்குள் இருப்பது முடியைப் போன்ற மெல்லிய கண்ணாடி இழை. அதன் உட்சுவரில் பட்டுப் பட்டுத்தான் ஒளி பயணம் செய்கிறது. இழை கூர்மையாக மடிந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். அலமாரியை நகர்த்தி, கம்பியை அகலமான வளையமாகத் தளர்த்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. 4.20க்கு விண்ணப்பம் சென்று சேர்ந்தது.

“நேற்று கூட்டும்போது அலமாரியைத் தள்ளியது நான்தான்,” என்று தம்பி மெல்லச் சொன்னான். இழை முறிந்திருந்தால் தொழில்நுட்பரை அழைப்பதே வழி. முறிந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது; ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடும்.

எல்லாத் தடைகளும் வீட்டுக்குள் இருப்பதில்லை. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்த காலத்தில், சபாவில் ஒரு மாணவி அலைவரிசைக்காக மரத்தின்மேல் அமர்ந்து தேர்வெழுதினார். அங்கே எந்தக் கம்பியைச் சரிசெய்வது? அத்தகைய குறைகளை, நாள், நேரம், சோதித்துப் பார்த்தவை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சேவை நிறுவனத்திடம் முறையிட வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தை நாடலாம்.

பழுது எங்கே இல்லை என்பதை ஒவ்வொன்றாக உறுதிசெய்தவருக்கே அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் தகுதி உண்டு.