அவளை யாரும் கேட்கவில்லை

திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் கந்தளாயில் தேநீருக்காக நின்றது. "பெரியாக்கள் சண்டை பிடிக்க நாங்கள் ஏன் அழவேணும், தங்கச்சி?" என்றார், போரில் கணவரை இழந்த அக்கா. நாங்கள் போய்ச் சேரவிருந்த கண்டியின் கதையைச் சொன்னேன்.

1795இல் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்த ஆங்கிலேயர், 1803இல் இங்கிருந்தும் கொழும்பிலிருந்தும் கண்டிக்குப் படை அனுப்பினர். அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு எதிராக, முந்திய அரசனின் மைத்துனன் முத்துச்சாமிக்கு முடிசூட்டினர். சில மாதங்களில் தோற்றதும் அவனையே அரசனிடம் கையளித்தனர். அவன் கொல்லப்பட்டான்.

1814இல் கண்டிப் பிரதானி எகலப்பொல அரசனைப் பகைத்து ஆங்கிலேயரிடம் ஓடினார். கண்டியில் அகப்பட்டிருந்த அவரது மனைவியையும் பிள்ளைகளையும் அரசன் கொல்வித்தான். 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது.

யார் ஆள்வது என்று அந்தத் தாயிடம் எவரும் கேட்கவில்லை. சகோதரிகளே, இனிக் கூடும் கூட்டங்களில் பின்வரிசையில் இருக்காமல் வாய்திறந்து பேசுவோம்.