நழுவாத திருகு

ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் மூன்று நான்கு நாளில் அது கல்லணைக்கு வந்து சேரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரியும். நெல்லும் பூவும் தூவி வரவேற்கும் கூட்டம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும். என் கண் மட்டும் மேலே, ஷட்டரைத் தூக்கும் பொறிகளின் பக்கம் போகும். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் இந்த ஆசை புத்தகத்தில் வந்ததல்ல. எங்கள் ஊர் வாய்க்காலின் தலைமதகில், கால்சட்டை போட்ட வயதில் வந்தது.

டெல்டாவில் எந்தச் சின்ன மதகுக்குப் போனாலும் அந்தப் பொறியைப் பார்க்கலாம். இரும்புக் கதவின் தலையிலிருந்து புரி வெட்டிய தண்டு ஒன்று நேராக மேலே வரும். தண்டு சுற்றாது. மேடையில் உட்கார்ந்திருக்கும் நட்டுதான் சுற்றும். தண்டு அதற்குள் ஏறி வரும். புரிக்குப் புரி அரை அங்குலம் என்றால், கதவு ஓர் அடி உயர நட்டு 24 முறை சுற்ற வேண்டும். இடையில் பல்சக்கரங்களும் இருந்தால், மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கர் ஹேண்டிலைச் சுற்றுவது அதைவிடப் பல மடங்கு. அதனால்தான் ஆற்றுத் தண்ணீர் முட்டிக்கொண்டிருக்கும் கதவை ஒற்றை ஆள் தூக்கிவிட முடிகிறது.

என்னை இன்றுவரை விடாமல் பிடித்து வைத்திருப்பது அதற்கு அடுத்தது. லஸ்கர் கையை எடுத்துவிட்டு வெற்றிலை போடுவார். கதவு நின்ற இடத்தில் நிற்கும். கிணற்று உருளையில் கயிற்றை விட்டால் வாளி உள்ளே போய்விடும். இங்கே யாரும் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எப்படி? தாமாக இறங்காத இத்தகைய திருகுகளில் நாம் போடும் உழைப்பில் பாதிக்கும் குறைவாகத்தான் பாரத்தை உயர்த்தப் பயன்படும். மீதியை உராய்வு தின்றுவிடும். மாணவர்கள் கணக்குப் போட்டுவிட்டு, "என்ன சார், பாதிக்கு மேலே வீணா?" என்பார்கள். வீணில்லை. ஏற்றும்போது பாதிக்கு மேல் தின்ற அந்த உராய்வே, கதவு இறங்கப் பார்க்கும்போது குறுக்கே நின்று தடுக்கிறது. உராய்வைக் குறைத்துக்கொண்டே போனால் சுற்றுவது சுலபமாகும். ஒரு கட்டத்தில் கதவும் தானாக இறங்கத் தொடங்கும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

இதன் நெருங்கிய உறவு தஞ்சாவூர் வீணையிலும் இருக்கிறது. பலா மரத்தில் கடைந்த வீணைக்குப் பழைய முறையில் தந்தியை முறுக்க மரப் பிரடைதான். துளைக்குள் இறுகிப் பிடித்திருப்பதால் மட்டுமே அது நிற்கிறது. காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் சுருதியும் நகரும். இப்போது பலர் கிதாருக்குப் போடும் திருகு முடுக்கிகளைப் போட்டுக்கொள்கிறார்கள். சிறு திருகு ஒன்று பல்சக்கரத்தைக் கடித்து நகர்த்தும் அமைப்பு அது. சாதாரணமாகத் திருகின் பதினான்கு சுற்றுக்குத் தந்தி சுற்றும் தண்டு ஒரே சுற்று வரும். திருகு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தால் திருகைச் சுழற்ற முடியாது. தந்தி எவ்வளவு இழுத்தாலும் சுருதி அங்கேயே நிற்கும். பஞ்சிலிருந்து கொட்டை நீக்கும் நம் நாட்டுப் பழைய மரப்பொறியிலும் இரண்டு உருளைகளின் முனையில் திருகுப் புரியைச் செதுக்கி, ஒன்றோடொன்று கோத்து எதிரெதிராகச் சுற்றவைத்தார்கள். இரும்பே இல்லாமல் தச்சர் கையில் பிறந்த பல்சக்கரம் அது. நினைக்க நினைக்க எனக்குப் பெருமை.

மதகின் நழுவாத திருகைப் புரிந்துகொண்ட பிறகு மனிதர்களிடையே நடக்கும் சில காரியங்களும் எனக்கு விளங்கின. தண்ணீர் குறைந்த வருடங்களில் எங்கள் ஊரில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். யாருக்கு எந்த இரவு என்று பிள்ளையார் கோயில் வாசலில் கூடிப் பேசுவார்கள். தலைமடைக்காரர் ஒன்று சொல்வார், கடைமடைக்காரர் எழுந்து மறுப்பார், மூன்று தலைமுறைக்கு முந்தைய வரப்புத் தகராறு நடுவில் வந்து போகும். என் பேரன் கேட்டான்: "தாத்தா, போன்ல ஒரு பட்டியல் போட்டு அனுப்பினா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுமே?" முடிந்துவிடும்தான். ஆனால் நள்ளிரவில் காவலுக்கு ஆளில்லாத மடையில் அந்தப் பட்டியல் நிற்குமா? கடைமடைக்காரர் தன் மனக்குறையை எல்லார் முன்னும் கொட்டித் தீர்த்து, மற்றவர்கள் அதைப் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் தலையாட்டிய முறை மட்டுமே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சம்பந்தம் பேசுவதிலும், பிரிந்த அண்ணன் தம்பியைச் சேர்த்து வைப்பதிலும் இதையேதான் கண்டேன். அவசரமாக ஏற்றியது ஆள் நகர்ந்ததும் இறங்கிவிட்டது.

பெரிய மதகுகளில் இப்போது மோட்டார் வந்துவிட்டது. வரட்டும், லஸ்கர்களின் தோளுக்கு ஓய்வு. ஆனால் பல்சக்கரம் மூடிக்குள் போய்விட்டதால் பிள்ளைகளின் கண்ணில் அது படுவதில்லை. மே மாதத்தில், ஆறு வறண்டு கிடக்கும்போது, ஊர் மதகுக்கு அவர்களைக் கூட்டிப்போங்கள். தண்ணீர் வருமுன் ஷட்டர்களுக்கு வண்ணம் அடித்துத் தண்டுக்குக் கிரீஸ் போடும் நேரம் அது. லஸ்கரிடம் கேட்டால், எந்தக் கதவுக்கு எத்தனை சுற்று என்று வாய்ப்பாடாகச் சொல்வார்.